பக்கோடா முசே தின்ற இங்கிலீஷ்

இங்கிலீஷைப் படித்தவர்கள் உண்டு, எழுதியவர்கள் உண்டு, கொலை செய்தவர்கள் ஏராளம். ஆனால் அதைத் தின்றே தீர்த்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பக்கோடா முசே. பிரெஞ்சில் முசே என்றால் ஐயா.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அவர் மனைவிக்குக்கூட அது சட்டென்று ஞாபகம் வராது என்று நினைக்கிறேன். புதுச்சேரியில் சாலை, மதகு, வாய்க்கால் வேலைகளைக் கவனித்த ஒரு அலுவலகத்தில் அவர் தலைமை குமாஸ்தா. நான் கடலூரிலிருந்து வந்து அங்கே டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் போனதில் முசேவுக்கு வருத்தமில்லை. அன்றைக்குத் தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். கொடியோடு சேர்ந்து பாஷையும் மாறும் என்றுதான் யாரும் அவரிடம் சொல்லித் தொலைக்கவில்லை.

பிரெஞ்சில் அவர் ராஜா. ஒரு சாக்கடை அடைப்பைப் பற்றி அவர் எழுதினால் காதல் கடிதம் மாதிரி இருக்குமாம். மெட்ராஸிலிருந்து வந்த புது அதிகாரி, இனி எல்லாம் இங்கிலீஷில் என்று உத்தரவு போட்டார். முசேவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'குட் மார்னிங்' மட்டும். அதையும் சாயங்காலத்தில்தான் சொல்வார்.

அவர் மேஜையில் மூன்று டிராயர்கள். முதலாவதில் பக்கோடா. இரண்டாவதில் முறுக்கு. மூன்றாவது எப்போதும் காலி. ஏனென்றால் அதில் எதை வைத்தாலும் மத்தியானம் வரை தங்காது. எனக்குச் சீக்கிரமே ஒன்று விளங்கிவிட்டது. அன்றைய தபாலில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முசேவின் வாயைப் பார்த்தால் போதும். சாதாரண ஞாபகக் கடிதம் என்றால் ஒரு முறுக்கு. 'விளக்கம் தேவை' என்றால் ஒரு பொட்டலம் பக்கோடா. தணிக்கைக்காரர்கள் ஆட்சேபம் எழுப்பியிருந்தால் ஆளே சீட்டில் இருக்க மாட்டார். வாய்க்காலைத் தாண்டிப் போய், கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு எதிரே நின்றுகொண்டிருப்பார்.

"ஒரு காலத்துல முசே முருங்கைக்கா மாதிரி இருப்பாரு, டைப்பிஸ்ட்டம்மா. சத்தியமாச் சொல்றேன்" என்பார் பியூன்.

எதிரே பலாப்பழம் உட்கார்ந்திருக்கும்போது முருங்கைக்காயை எப்படி நம்புவது? அதிகாரி ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, "மிஸ்டர், பதில் எங்கே?" என்று கேட்டார். முசே பதற்றத்தில் எதிரே இருந்த பிரம்பு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பதிலுக்கு முன்னால் நாற்காலி போய்விட்டது.

வீட்டில் அவர் மனைவி அலமாரியைப் பூட்டத் தொடங்கினார். அந்த அம்மாளை நாங்கள் மதாம் என்போம். அலமாரிக்கு மேலே ஒரு பெரிய ஜாடி மட்டும் பூட்டில்லாமல் இருந்தது. கிறிஸ்துமஸ் கேக்குக்காக ரம்மில் முந்திரியும் திராட்சையும் ஊறிக்கொண்டிருந்த ஜாடி. ஒருநாள் காலை, அலுவலகத்தில் ஏதோ ஒரு பொல்லாத கடிதம் காத்திருப்பது முசேவுக்குத் தெரியும். கிளம்புவதற்குள் ஜாடியைக் காலி செய்துவிட்டார். படியேறி வந்தவரைப் பார்த்து அதிகாரி "குட் மார்னிங்" என்றார். முசே அவரைக் கட்டிப்பிடித்து, பிரெஞ்சு முறைப்படி, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

மெட்ராஸ்காரர் அதற்குப் பிறகு வெகு நாள் மேஜைக்குப் பின்னால் நின்றபடிதான் முசேவிடம் பேசினார்.

மறுநாள் மதாமே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பசிச்சித் தின்னா நானே வடிச்சிக் கொட்டுவேம்மா. இது பசியில்ல. படி ஏறினா மூச்சு வாங்குது. இப்படியே போனா நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அதுவரை எல்லோரையும் போலச் சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு நின்றது. மதாம் போனதும் முசேவிடம் போய், "ஏன் முசே இப்படி?" என்று கேட்டேன்.

அவர் டிராயரை மூடினார். கல்யாணமாகாத என்னை பிரெஞ்சு வழக்கப்படி மத்மோசேல் என்பார். "பசியில்ல மத்மோசேல். கடிதாசியப் பிரிச்சதும் இங்க படபடன்னு வருது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "வாய் அசஞ்சிக்கிட்டே இருந்தா அது கொஞ்சம் அடங்குது. தின்னு முடிச்சா வெக்கமாயிருக்குது. வெக்கம் வந்தா மறுபடியும் படபடப்பு. திரும்பவும் டிராயரு. நான் என்ன செய்யட்டும்?"

"வாய் அசையணும், அவ்வளவுதானே? அப்ப கடிதாசியைச் சத்தமா வாசிங்க. தெரியாத வார்த்தைய நான் சொல்றேன்."

ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் பிடித்துக்கொண்டார். முதல் சில நாள் வாசிக்கவும் செய்தார், தின்னவும் செய்தார். கடிதமெல்லாம் பக்கோடாத் தூள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் ஏறியது, கை இறங்கியது. சர்க்கார் கடிதங்களின் முதல் வரியான "ஐ ஹாவ் த ஹானர்" அவர் வாயில் "ஐ ஆவ் த ஓனர்" ஆகி மாடி முழுக்கக் கேட்கும். 'ஹ' என்ற எழுத்தை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருநாள் மூன்று பக்கக் கடிதம் ஒன்றை வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்ளோ எழுதி என்னா கேக்குறான்? நகல் ஒண்ணு அனுப்புன்றான், அதானே?"

"அதேதான் முசே."

"அட பாவி! போன மாசம் இவனுக்காவா நான் ரெண்டு பொட்டலம் தின்னேன்?"

இந்த இடத்தில் எல்லாம் சுபம் என்று நிறுத்தியிருப்பேன். ஆனால் டெல்லியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. ரெட்டியார்பாளையம் பக்கம் கட்டிய ஒரு மதகுக்கு ஏன் இரண்டு மடங்கு செலவானது என்று கேட்பார்களாம். பிரெஞ்சுக் காலத்து வேலை. விஷயம் தெரிந்தவர் முசே மட்டும். அதிகாரி கூப்பிட்டுச் சொன்னார்: "நீங்கதான் எழுந்து இங்கிலீஷ்ல சொல்லணும். முடியலைன்னா இந்த சீட்டுக்கு வேற ஆள் பார்க்க வேண்டியதுதான். நீங்க வீட்டுல ஓய்வா இருக்கலாம்."

அன்று மத்தியானம் மூன்று டிராயரும் நிரம்பின. அவர் தின்றுகொண்டே அழுதார். "நிறுத்த முடியல மத்மோசேல். இது என் கையே இல்ல" என்றார். உடனே பியூனை மதாமிடம் அனுப்பினேன்.

மதாம் வந்தார், திட்டவில்லை. அன்றே வீட்டு அலமாரிப் பூட்டையும் கழற்றிவிட்டார். தினமும் மத்தியானம் அடுக்குக் கேரியரோடு வந்து, அவர் எதிரே உட்கார்ந்து, தானும் சாப்பிட்டு அவரையும் சாப்பிட வைத்தார். சாயங்காலம் கையைப் பிடித்துக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அங்கே காற்று வாங்க வந்தவர்கள் ஒரு அதிசயத்தைப் பார்த்தார்கள். கனத்த மனிதர் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு மதகைப் பற்றி வங்காள விரிகுடாவிடம் இங்கிலீஷில் முறையிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மதாம், "இன்னும் சத்தமா. அலைக்குக் கேக்கல" என்றார்.

ஆய்வு நாள் வந்தது. டெல்லிக்காரர்களுக்கு நேர் எதிரே முசேவுக்கு இடம். நடுவில் தட்டுத் தட்டாக பஜ்ஜி, பக்கோடா, பாதாம் அல்வா. நான் சுருக்கெழுத்துக்காக ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மதகு விவகாரம் என்ன என்றார். முசே எழுந்தார். நெற்றியில் வியர்வை. வலது கை மெல்லப் பக்கோடாத் தட்டை நோக்கிப் போனது. எங்கள் அலுவலகமே மூச்சை நிறுத்திக்கொண்டது.

கை தட்டைத் தூக்கியது. அப்படியே கொண்டுபோய்ப் பெரியவர் முன்னால் வைத்தது.

"யூ ஈட், முசே. ஐ டாக்!"

பேசினார் ஐயா, பேசினார்! "வாட்டர் கம். பிக் வாட்டர். பவுண்டேஷன் கோ. வீ டிக் அகேன், மோர் டீப்!" காலம், வேற்றுமை, 'ஹ' எல்லாம் வெள்ளத்தோடு போயின. வந்த வெள்ளமும், அடித்துக்கொண்டு போன அஸ்திவாரமும், மறுபடி தோண்டிய பள்ளமும் எங்கள் கண்ணெதிரே நின்றன. பெரியவர் குறுக்குக் கேள்விகள் கேட்டார். முசே ஒவ்வொன்றுக்கும் கையால், தலையால், புருவத்தால்கூடப் பதில் சொன்னார். முடிவில் பெரியவர், "வெரி க்ளியர்" என்று சிரித்தார். எங்கள் அதிகாரி ஓடிவந்து முசேவின் கையைக் குலுக்கினார்; கன்னத்தை மட்டும் எச்சரிக்கையாகத் தள்ளி வைத்துக்கொண்டார்.

மாலையில் அலுவலகமே அவரை ஊர்வலமாகப் பக்கோடாக் கடைக்கு அழைத்துப்போனது. அவர் ஒரே ஒரு பக்கோடாவை எடுத்து, நிதானமாக மென்றார். முகம் சுருங்கியது.

"என்னாய்யா இது, உப்பே இல்ல?"

கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "இத்தினி வருஷமா இதே பக்கோடாதான முசே துன்னீங்க? ஒரு நாளாச்சும் சொன்னீங்களா?"

"நான் எங்கய்யா துன்னேன்? என் பயம்தான்யா துன்னுச்சி!"

கடைத்தெருவே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர் முசேதான்.

பிறகும் எப்போதாவது கை டிராயர் பக்கம் போகும். உடனே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஐ ஆவ் த ஓனர்" என்று ஆரம்பித்துவிடுவார். முருங்கைக்காய் ஆகவில்லை, ஆனால் மூச்சு வாங்காமல் மாடி ஏறினார். ஓய்வு பெறும்வரை அந்த சீட்டை யாரும் அசைக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் கடலூரில் எனக்குக் கல்யாணம். முசேவும் மதாமும் பஸ் ஏறி வந்திருந்தார்கள். தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளையோடு பந்தியைச் சுற்றி வந்தபோது, முசே இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். வத்தக்குழம்புச் சோற்றில் ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார், ரொம்ப நேரம் மென்றார், பிறகு, "சுண்டைக்காயா?" என்று மதாமிடம் கிசுகிசுப்பாகக் கேட்டுத் தலையாட்டினார். என் வீட்டுக்காரர் இன்னும் குறை சொல்கிறார்: கல்யாணத்தன்று நான் அவரைவிட அதிக நேரம் பார்த்தது முசேவைத்தானாம்.