மருந்து பேரைச் சொன்னால் அஞ்சு ரூபாய்

விவசாய இலாகாவில் இருபத்தெட்டு வருஷம் பயிர் நோய்களோடு மல்லுக்கட்டிவிட்டு, 1976-ல் ஓய்வு பெற்றார் ஞானசிகாமணி. கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு அவர் உத்தியோகத்தில் இருந்தபோதும் ஓசி, ஓய்வு பெற்ற பிறகும் ஓசி. டீக்கடையில் இலையை நீட்டுவார்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் வரும் நேரம் பார்த்து, சட்டைப்பையிலிருந்து புள்ளி விழுந்த இலையை எடுப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைப் பையோடு வந்த தோட்டக்காரர் செல்வமணி, பைக்கு அடியில் ஒரு திராட்சை இலையையும் சேர்த்து நீட்டினார். அன்றைக்கு ஞானசிகாமணி முடிவெடுத்தார்.

"சுகிர்தம், இனிமே சும்மா சொல்லப் போறதில்ல. காசு வாங்கப் போறேன்."

"எப்ப வாங்குவீக? வாசல்ல நுழையிறப்பவா, போறப்பவா?" என்று கேட்டாள் மனைவி.

"வியாதி பேரைச் சொல்ற வரைக்கும் ஓசி. மருந்து பேரைச் சொன்னா அஞ்சு ரூபா."

வாசலில் போர்டு தொங்கியது. ஆலோசனைக்கு ஐந்து ரூபாய் என்றதும் ஊரே யோசனையில் இறங்கிவிட்டது. மூன்று வாரமாக ஒரு ஆள்கூட வரவில்லை.

வராததுகூடப் பரவாயில்லை. தோட்டங்கள் நன்றாக இருந்தன. அதுதான் பொறுக்கவில்லை. போன மாதம் நோயில் கிடந்த தங்கபாண்டியின் திராட்சைப் பந்தல் இப்போது பச்சைப்பசேல். அவனுக்கு யார் சொன்னது? உரக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டார். மலையடிவார லோயர் கேம்ப் வழியாக மலையாளத்து நிபுணன் எவனாவது இறங்கியிருப்பானோ என்று சந்தேகப்பட்டார். தபால்காரரையும் விடவில்லை.

கடைசியில் சந்தேகம் சாப்பாட்டுத் தட்டுக்கே வந்தது. இத்தனை வருஷம் திராட்சையைத் தின்பதோடு சரி என்றிருந்த சுகிர்தம், இப்போது ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன கையோடு, "ஏங்க, இலைக்கு அடியில வெள்ளையாப் பூத்தா என்ன செய்யணும்?" என்கிறாள். அவரும் மயில்துத்தத்தோடு சுண்ணாம்பு கலப்பது, கலவை சரியா என்று கத்தியை முக்கிப் பார்ப்பது என்று ரசம் ஆறும்வரை சொல்கிறார். வாரத்தில் இரண்டு நாள் கறிக்குழம்பு வேறு. பென்சனில் ஏது கறி?

வியாழக்கிழமை, தேனிக்குப் போவதாகச் சொல்லி பஸ் ஏறினார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கொல்லை வேலிக்குப் பின்னால் வந்து பதுங்கினார்.

உள்ளே துவைக்கிற கல்லில் சுகிர்தம் உட்கார்ந்திருந்தாள். எதிரே, கையில் இலையோடு நாலு பேர். முதல் ஆள் தங்கபாண்டி.

"ஏலே! இங்கன என்னலே வேலை?" என்று பாய்ந்தார்.

"சார், நீங்க அஞ்சு. அக்கா மூணுதான் வாங்குறாக" என்றான் தங்கபாண்டி.

"அடியே, அது என் மூளைடி!"

"நான் இல்லேன்னா சொன்னேன்? அந்த மூளைக்குத்தான் கறி எடுத்துப் போடுறேன்" என்ற சுகிர்தம், தங்கபாண்டியிடம் திரும்பினாள். "நீ சொல்லு தம்பி."

"சொன்ன அளவுலதான் அடிச்சேன்க்கா. கெழக்குப் பந்தல்ல மட்டும் இலை கருகுது."

சுகிர்தம் இலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஞானசிகாமணிக்கு உள்ளே குளிர்ந்தது. மாட்டினாள்! இப்போது அஞ்சு என்ன, பத்தே கேட்கலாம். வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

அவள் தாடையில் கை வைத்து யோசித்தாள். "சுண்ணாம்பைக் கொறைச்சுப் பாரேன்."

"கெடுத்தியே!" என்று அலறினார் ஞானசிகாமணி. "சுண்ணாம்பு கொறைஞ்சா பந்தலே கருகிப் போயிரும்! இவன் பனி காயிறதுக்கு முன்ன அடிச்சிருக்கான். வெயிலேறி இலை காஞ்ச பெறகு அடிக்கச் சொல்லு!"

தங்கபாண்டி மூன்று ரூபாயை எடுத்து சுகிர்தத்திடம் கொடுத்தான்.

அவள் அதை முந்தியில் முடிந்துகொண்டு குரல் கொடுத்தாள். "அடுத்து யாரு? வெரசா வாங்க, இன்னைக்கு சார் வீட்லதான் இருக்காக."