ஓடைக்குறிச்சி ஓடையும் உயர்ந்த ஜீப்பும்

ஜீப்பின் நான்கு சக்கரங்களும் ஓடைக்குறிச்சி ஓடைச் சேற்றில் அச்சு வரை இறங்கியிருந்தன. டிரைவர் ஞானப்பிரகாசம் கீழே குதித்து, வானத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பின்சீட்டில் சிஸ்டர் இருந்ததால் இரண்டையும் வாய்விட்டுத் திட்ட முடியவில்லை.

"மறுபடியுமா, ஞானப்பிரகாசம்?" என்றார் சிஸ்டர் சாந்தி மேரி.

வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ மடத்தின் மருந்து வண்டி அது. புதன்தோறும் சிஸ்டரையும் மருந்துப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கல்லேரிக்குப் போக வேண்டும். கல்லேரி பெரிய ஊர். வழியிலுள்ள ஓடைக்குறிச்சியில் இருப்பதே கொஞ்சம் கூரை வீடுகள்தான். அங்கே வண்டியை நிறுத்த உத்தரவில்லை. ஓர் ஊரில் நின்றால் வழிநெடுகக் கை நீட்டுவார்கள், கல்லேரிக்கு மருந்து மிஞ்சாது என்பது மடத்துப் பெரிய சாமியாரின் கணக்கு. மனிதர் கஞ்சரில்லை, மருந்துதான் கொஞ்சம்.

ஆனால் நிறுத்தாவிட்டாலும் வண்டி தானாக நின்றது. ஓடைக்குறிச்சிக்காரர்கள் தங்கமானவர்கள். கண்ணையன் என்பவர் தலைமையில் கயிறும் பலகையுமாக ஓடி வந்துவிடுவார்கள். அவர்கள் தள்ளி முடிக்கிறவரை சிஸ்டர் கரைமேல் மரத்தடியில் உட்கார்ந்து, வந்து நிற்கிற பிள்ளைகளின் காதையும் சிரங்கையும் பார்ப்பார். சும்மா எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? வண்டி கல்லேரி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். அங்கே காத்துக் கிடந்தவர்கள் சாமியாரிடம் குறை சொல்லி ஆள் அனுப்புவார்கள்.

சாமியார் ஞானப்பிரகாசத்தைத் தனியாகக் கூப்பிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் ஓடையைத் தாண்டக் கற்றுக்கொள்ளாவிட்டால் வேறு டிரைவர் பார்க்க வேண்டிவரும், ஞானப்பிரகாசம் மடத்துத் தோட்டத்தில் கத்திரிச் செடிக்குக் களை எடுக்கலாம் என்று மென்மையாகச் சொன்னார். அவர் மென்மையாகச் சொன்னால் அதைச் செய்துவிடுவார். ஊரில் அவர் மனைவிக்குப் பெயரே 'டிரைவர் வூட்டம்மா'. அந்தப் பெயர் போனால் அவள் அவரைச் சும்மா விடமாட்டாள்.

ஜெயங்கொண்டத்து மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து, டயர் சிறியது என்றார். திருச்சியிலிருந்து சேற்றைக் கவ்வுகிற பெரிய பட்டன் டயர்கள் வந்தன. மாட்டிப் பார்த்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் டயர் மட்கார்டில் உரசிக் கருகல் நாற்றம் அடித்தது. நேராகப் போனால் தொந்தரவில்லை. கல்லேரிக்கு நேராகப் போகிற ரோடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆக, டயருக்கு இடம் கிடைக்க வண்டியை உயர்த்தியாக வேண்டும்.

எப்படி உயர்த்துவது? வில்லங்கம் அங்கேதான். லாரி ஸ்பிரிங் பட்டறை தர்மன், சக்கரத்துக்கு ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார். எதிர்க்கடை லேத் வேணுகோபால், பட்டை சேர்த்தால் ஜீப் கட்டைவண்டியாகிவிடும், பட்டையைப் பிடித்திருக்கிற ஷேக்கிளை நீளமாக்கினால் போதும் என்றார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த டிராக்டர்காரர் ஒருவர், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டையைக் கொடுத்து முடுக்கச் சொன்னார். ஒவ்வொருவரும் மற்ற இருவர் பேச்சைக் கேட்டால் ஆள் பிழைக்க மாட்டான் என்று சத்தியம் செய்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட ஞானப்பிரகாசம் இவ்வளவு குழம்பியதில்லை.

இதில் அக்கறையாக விசாரித்தவர் சிஸ்டர் ஒருவர்தான்.

"பட்டை சேத்தா வண்டி எவ்வளவு உசரும்?"

"நாலு விரக்கடை உசரும் சிஸ்டர்."

சிஸ்டர் தன் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டார். தன் தொழிலை மதித்து விவரம் கேட்க ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று ஞானப்பிரகாசத்துக்கு மனம் குளிர்ந்தது.

பட்டை சேர்த்தார். டயர் உரசவில்லை. ஆனால் வண்டி குதித்த குதியில் இருமல் மருந்து பாட்டில்கள் உடைந்து, சிஸ்டரின் வெள்ளை அங்கி சிவந்துவிட்டது. அதைப் பார்த்துக் கண்ணையன் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். வர வேண்டியதுதான், வண்டி வழக்கம்போல ஓடையில் நின்றிருந்தது. சேறு போன வாரத்தைவிட ஆழமாகத் தெரிந்தது. பட்டன் டயர் மண்ணைப் பறிக்கும் என்று கண்ணையன் விளக்கினார். ஞானப்பிரகாசத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் சேர்த்த பட்டையைக் கழற்றிவிட்டு ஷேக்கிளை நீளமாக்கினார். இப்போது வண்டி குதிக்கவில்லை, அலைந்தது. முந்திரித் தோப்பைக் கண்டால் உள்ளே போகத் துடித்தது. எதிரில் வந்த கும்பகோணம் பஸ், வம்பெதற்கு என்று ரோட்டை விட்டிறங்கி வழிவிட்டது. ஓடை மட்டும் விடவில்லை. சேறு தொடை வரைக்கும் வந்துவிட்டது.

இன்னும் ஒரே ஒரு புதன்தான் என்று சாமியார் சொல்லிவிட்டார்.

ஞானப்பிரகாசம் துணிந்தார். பட்டை, ஷேக்கிள், இரும்புக் கட்டை மூன்றையும் ஒன்றாக ஏற்றினார். சனிக்கிழமை வண்டி வந்து நின்றபோது மடத்துக் கொட்டகைக்குள் நுழையவில்லை. முகப்பில் கீற்றைப் பிரிக்க வேண்டியதாயிற்று. சிஸ்டர் முக்காலி போட்டு ஏறிப் பார்த்தார்.

"இப்ப எவ்வளவு, ஞானப்பிரகாசம்?"

"முழுசா ஒரு சாண், சிஸ்டர். இனிமே எந்தக் கொம்பன் ஓடையும் நம்மள ஒண்ணும் பண்ணாது."

சிஸ்டர் விரல்களை விரித்துச் சாண் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். ஞானப்பிரகாசம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் பயம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், யாரிடமும் சொல்லாமல், ஒருமுறை தாண்டிப் பார்த்துவிடலாம் என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார்.

ஓடைக்குள் கண்ணையனும் நாலைந்து பேரும் மண்வெட்டியோடு நின்று, வண்டித் தடத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டின இடத்தில் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள்.

ஞானப்பிரகாசத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை வாரமாக நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டீர்களே என்று கத்தினார். கண்ணையன் ஓடவுமில்லை, மறைக்கவுமில்லை.

"தப்புத்தாங்க. ஆனா இந்த ஊருல உங்க வண்டி நிக்காது, மாட்டுனாத்தான் நிக்கும். நீங்க தாண்டிப் போயிட்டா எங்க புள்ளைங்கள யாருங்க பாப்பா?"

குடத்தோடு நின்ற ஒருத்தியின் இடுப்பில் குழந்தை இருந்தது. காதில் சீழ் வடிந்துகொண்டிருந்த பிள்ளை அது, இப்போது சிரித்துக்கொண்டிருந்தது. ஞானப்பிரகாசத்தின் கோபம் பாதி வழியில் நின்றுபோனது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளை நினைத்தாலும் அழுகை வந்தது, கத்திரிச் செடியை நினைத்தாலும் அழுகை வந்தது.

"நாளைக்கும் மாட்டுனா என் வேல போயிரும், கண்ணையா."

"போவாதுங்க. வேற டிரைவர் போட்டா வண்டில ஏற மாட்டேன்னு சிஸ்டரம்மா சாமிகிட்ட ஒரே போடா போட்டுட்டாங்களாம்."

ஞானப்பிரகாசம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தம்மா தெய்வம்யா. இந்தக் குழி சங்கதி தெரிஞ்சா அவங்க மனசு என்ன பாடுபடும், சொல்லு."

கண்ணையன் குனிந்து மண்வெட்டியை எடுத்தார்.

"ஞாயித்துக்கெழம நாங்க பூசை முடிஞ்சு வர்றப்ப, வண்டி ஒரு சாண் உசந்துருச்சு, நீங்க ரெண்டு சாணா வெட்டிருங்கன்னு சொன்னதே அவங்கதானுங்க."