கை தூக்காத துள்ளல்

சுற்றிவரக் கடல் உள்ள ஊரில், கடலைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கக் கூடாது. புங்குடுதீவில் பிறந்த எனக்கு இது தெரியாது. எங்களுக்குக் கடலுக்குக் குறுக்கே தெரு இருந்தது, பஸ் ஓடியது. (பஸ்ஸை மறிக்க ஒற்றைக் கை போதும்.)

எழுவைதீவுப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்த வருடம் எனக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், பிடித்தது. கனடாவில் இருக்கும் அக்கா கைபேசியில் தோன்றி ஒரு பயிற்சி காட்டினாள். துள்ளும்போது கால்களை அகட்டி, கைகளைத் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். அடுத்த துள்ளலில் எல்லாம் பழையபடி சேர வேண்டும். இந்தப் பயிற்சி பட்டாளத்தில் இருந்து பள்ளிக்கூடங்களுக்குப் போய், அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியதாம். எழுவைதீவு மட்டும்தான் மிச்சம் என்று நினைத்து, அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் காலை, நல்ல காற்று வருமென்று இறங்குதுறைக்குப் போனேன். ஊர்காவற்றுறைப் படகு அப்போதுதான் புறப்பட்டிருந்தது. நான் துள்ளத் தொடங்கியதும் அது திரும்பியது. எதையோ மறந்துவிட்டார்களாக்கும் என்று இன்னும் உற்சாகமாகத் துள்ளினேன்.

படகு துறைக்கு வந்ததும் மூன்று பேர் குதித்து ஓடிவந்து, இரண்டு கையையும் தூக்கிப் படகைக் கூப்பிட்டீர்களே, யாருக்கு வருத்தம், யாருக்கு ஏலாது என்று கேட்டார்கள். மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சு வரவில்லை. வியர்த்து வழிய, நெஞ்சில் கை வைத்தபடி நின்றேன். அவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. என்னைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படகில் கிடத்தினார்கள். ஒரு பெண் சேலைத் தலைப்பால் விசிறினார், இன்னொருவர் பிள்ளையாரைக் கூப்பிட்டார்.

பாதிக் கடலில் மூச்சுத் திரும்பியதும் உண்மையைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வெட்கத்தில் நெஞ்சு உண்மையாகவே வலித்தது.

படகோட்டும் அண்ணை சுக்கானை விடாமல் மெல்லச் சொன்னார். “அம்மாக்கு ஏலாமப் போன அண்டைக்கு என்ரை தம்பி அந்த இடத்திலை நிண்டு இப்பிடித்தான் துள்ளினவன், மாஸ்டர். பகிடிக்கு வழியனுப்புறான் எண்டு நானும் கையைக் காட்டிப்போட்டுப் போனனான். திரும்பி வரேக்கை அம்மா இல்லை.”

இனித் துள்ளவே மாட்டேன் என்றேன்.

“துள்ளுங்கோ. கையை மட்டும் தூக்காதேங்கோ. தூக்கினா நான் திரும்பி வருவன்.”

இப்போது பின்னேரங்களில் பள்ளிக்கூட மைதானத்தில் பாதித் தீவு துள்ளுகிறது, அந்த அண்ணை உட்பட. கால்கள் அகலும், கைகள் இடுப்பை விட்டு நகராது. நாங்கள் செய்வது அரைவாசிப் பயிற்சிதான் என்று கனடாவில் இருந்து அக்கா இன்னும் பகிடி பண்ணுகிறாள். வீட்டில் நான் சோம்பல் முறித்தாலே போதும், படகு திரும்புகிறது, அப்பாவைக் கிடத்தப் பாயை எடுங்கள் என்று மனைவி பிள்ளைகளிடம் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே கைகளை இறக்கிவிடுவேன்.