சீனாவுக்குப் போகவிருந்த ரயிலை நான் தடுத்த கதை

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு ரயில் பாதையைத்தான் தடுத்திருக்கிறேன். அதுவும் சீனாவில். விழுப்புரத்தைத் தாண்டினாலே தலைவலி மாத்திரை எடுத்துக்கொள்ளும் ஒரு அரசாங்கக் கிளார்க்குக்கு இது பெரிய சாதனைதான். 

இரண்டாயிரத்துகளின் நடுவில் நடந்தது. என் மகள் நிவேதா அப்போது மூன்றாம் வகுப்பு. அவள் பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் பேசும் வேடமெல்லாம் பெற்றோருக்கு, ஆடும் வேடமெல்லாம் பிள்ளைகளுக்கு. அந்த வருடம் சரித்திர டீச்சர் கலைவாணி ஒரு நாடகம் எழுதியிருந்தார். நூறு வருடங்களுக்கு முன்பு, வியட்நாமைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்து சீனாவின் யுன்னான் மாகாணத்துக்கு ரயில் விட ஆசைப்பட்டு, சீன அதிகாரிகளிடம் அனுமதிக்காக நடையாய் நடந்த கதை. (நம்ம ஊர்லயும் பிரெஞ்சுக்காரன்தானே இருந்தான், பொருத்தமா இருக்கும்னு நினைச்சிருக்காங்க.)

சீன அதிகாரி வேடத்துக்குப் பெற்றோர் கூட்டத்தில் யாரும் கை தூக்கவில்லை. என் வீட்டுக்காரர் தூக்கினார், என் கையை.

"உக்காந்து டீ குடிக்கிற வேஷம். உனக்குப் பழக்கம்தான?" என்றார்.

நான் நிலம் கையகப்படுத்தும் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மற்றவர்கள் சாலைக்கும் பாலத்துக்கும் இடம் கேட்டு மனு போடுவார்கள். இடம் போனவர்கள் இழப்பீடு கேட்டு மனு போடுவார்கள். இரு தரப்பு மனுக்களிலும் என்ன இல்லை என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது என் தொழில். பதினேழு வருட சர்வீஸில், படிக்காமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் பெருமை எனக்குக் கழுத்து வரைக்கும் இருந்தது.

டீச்சர் வேடத்தை விளக்கினார். "சீன அதிகாரிங்க நேரா 'முடியாது'ன்னு சொல்ல மாட்டாங்க மேடம். டீ குடுப்பாங்க. உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிப்பாங்க. மலைக்குள்ள டிராகன் தூங்குது, ஆணி அடிச்சா முழிச்சிக்கும்பாங்க. முன்னோர் சமாதி இருக்கும்பாங்க. மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்பாங்க. மூணு தடவ இழுத்தடிச்சிட்டு நாலாவது தடவ கையெழுத்து."

"இதுக்கு ரிகர்சல் வேறயா டீச்சர்?" என்றேன். அவ்வளவு திமிர்.

நான் கையெழுத்துப் போட்டதும் மேடைக்கு ரயில் வரும். இருபத்திரண்டு பிள்ளைகள் பெட்டிகள். என் மகள் எஞ்சின். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியில் கறுப்புக் காகிதம் ஒட்டி, பவுடர் டப்பாவில் புகைபோக்கி வைத்து, மூன்று வாரமாக வீட்டுக்குள் கூவிக்கொண்டே ஓடினாள். தினமும் ஸ்கூட்டியிலிருந்து இறங்கும்போது ஒரே எச்சரிக்கை. "ம்மா, நீ கையெழுத்துப் போட்டாதான் நான் வர முடியும். மறந்துடாத."

"அம்மா மறப்பனாடி?" என்பேன்.

விழா நாள் வந்தது. டிராகன் படம் போட்ட சாட்டின் நைட்டிதான் என் பட்டு அங்கி. (பெரிய மார்க்கெட் பக்கத்தில் வாங்கியது. கடைக்காரர் அதை மயில் என்றார்.) சவுரி முடியில் பின்னல், அதே சவுரியில் நாடி வரை தொங்கும் மீசை. பிரெஞ்சுத் தூதர் வேடத்துக்கு முசியே லூர்துசாமி, நிவேதா வகுப்புப் பையன் ஒருவனின் தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர், அதனால் ஊருக்கே அவர் 'முசியே', பிரெஞ்சில் ஐயா; அவருக்குப் பெண்களெல்லாம் 'மதாம்', அம்மா. சொந்தக் கோட்டு, சொந்தத் தொப்பி, மார்பில் சொந்த மெடல்கள். ஒத்திகைக்கு ஒரு நாள்கூட வராதவர், நேராக மேடைக்கே வந்தார்.

முதல் மூன்று தடவையும் பிசகில்லாமல் நடந்தது. டீ கொடுத்தேன். டிராகனைச் சொன்னேன். சமாதிகளைச் சொன்னேன். நாலாவது தடவை அவர் குனிந்து வணங்கி, ஒப்பந்தத்தை என் முன்னால் விரித்தார்.

அங்கேதான் கெட்டது. டிகாக்ஷனில் நனைத்துப் பழசாக்கிய காகிதத்தில் டீச்சர் ஒரு வரைபடமும் வரைந்திருந்தார். நான் அதைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு, அவ்வளவுதான். அளவு இல்லை, வடக்கு எது என்று இல்லை, யார் நிலத்தில் போகிறது என்று இல்லை. வசனம் எல்லாம் என் மண்டையிலிருந்து வடிந்தது. வாய் தானாகத் திறந்தது.

"சர்வே நம்பர் எங்க?"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் ஏதாவது ஒரு அலுவலக வாசலில் கால் கடுக்க நின்றவர்கள். என்னைப் பார்த்து அதுவரை யாரும் அப்படிச் சந்தோஷமாகச் சிரித்ததில்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"எத்தினி பேர் நிலம் போவுது? ஆட்சேபம் கேட்டீங்களா? நோட்டீஸ் ஒட்டினீங்களா?"

"அப்படிக் கேளுக்கா," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எதிரில் முதல் வரிசையில் என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

முசியே சமாளித்தார். "மேன்மை தங்கிய அதிகாரியே, எல்லாம் இணைப்பில் உள்ளது."

"இணைப்பு இணைக்கப்படவில்லை," என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"மதாம், அது நீங்கதானா?"

நான் மீசையைச் சரிசெய்துகொண்டேன்.

"ரோடு போட்டதுல என் மனை போச்சு. நாலு வாட்டி வந்தேன் உங்க ஆபீசுக்கு. நீங்க ஃபைல்லருந்து தலையே தூக்கல, மூஞ்சி எனக்குத் தெரியாது. ஆனா இந்தக் குரலு தெரியும். 'இணைப்பு இணைக்கப்படவில்லை.' இதேதான்."

"நாலாவது இணைப்பு இல்லன்னா நான் இன்னா பண்றது முசியே?"

"குடுத்தேன் மதாம். என் கையால குடுத்தேன்."

"குடுத்திருந்தா இருக்கும்ல?"

மைக் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் இருந்தது. பிரான்சும் சீனாவும் மறைந்து, நைட்டி போட்ட ஒரு கிளார்க்கும் ஒரு மனுதாரரும் முந்நூறு பேர் முன்னால் சண்டை போட்டோம்.

அப்போது பக்கவாட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல். "ம்மா. கையெழுத்துப் போடும்மா."

திரும்பினேன். அட்டைப் பெட்டிக்குள் நிவேதா. மை பூசிய கன்னத்தில் கண்ணீர் இரண்டு தண்டவாளம் போட்டிருந்தது. அவளுக்குப் பின்னால் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்தபடி மொத்த ரயிலும் நெளிந்தது. கடைசிப் பெட்டி, "ஒன்னுக்கு வருது மிஸ்," என்றது. கலைவாணி டீச்சர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

 முசியே கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். எழுதியதை முசியே மைக்கில் உரக்கப் படித்தார்.

"உரிய இணைப்புகளுடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்."

சத்தியமாக நான் கையெழுத்துத்தான் போட நினைத்தேன். கைக்குப் பதினேழு வருடப் பழக்கம்.

என் மகள் என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூ என்று ஒரு கூவல். அந்த மூன்று வாரத்தில் நான் கேட்காத கூவல். இருபத்திரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு நேராக மேடைக்கு வந்தாள். மேஜையைச் சுற்றி வளையவில்லை. மேஜை சாய்ந்தது, டீ என் டிராகன் மேல் கொட்டியது, மீசை கழன்று ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொண்டது. முசியே விறைப்பாக நின்று எஞ்சினுக்கு சல்யூட் அடித்தார். அப்புறம் கடைசிப் பெட்டியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரும் ரயிலில் போய்விட்டார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சீன அரசாங்கம் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் முதல் வேலையாக முசியேவின் ஃபைலை எடுத்தேன். நாலாவது இணைப்பு இருந்தது. மூன்றாவது இணைப்பின் பின்புறத்தில், பசையோடு ஒட்டிக்கொண்டு. நான்கு தடவையும் புரட்டியவள் நான்தான்.  அன்று மாலையே, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிய இழப்பீட்டு உத்தரவோடு அவர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, "முதல்ல டீ குடிங்க மதாம்," என்றார். மூன்று கப் கொடுத்த பிறகுதான் பிரித்துப் பார்த்தார்.

நிவேதா அதற்குப் பிறகு என்னிடம் அனுமதி கேட்பதையே விட்டுவிட்டாள். தகவல் மட்டும் சொல்வாள். கல்லூரியில் சேர்ந்த வருடம், மணாலி டூருக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம் என்று ஒரு காகிதத்தை மேஜையில் வைத்திருந்தாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டாம் பக்கத்துக்கு வருவதற்குள் போன் அடித்தது. பின்னணியில் தடதடவென்று சத்தம்.

"ம்மா, நெல்லூர் தாண்டிட்டோம். அப்பா கையெழுத்து வாங்கிக் குடுத்துட்டேன், அது உன் காப்பி. நீ நிதானமா படி."