இருபத்து மூன்று பெயர்களும் ஒரு பட்டனும்

திரையில் பட்டன் பச்சையாகியிருக்க வேண்டும். சிவப்பாகவே நின்று அவனை முறைத்தது.

"என்னப்பா சிக்கனம், லோடு ஏறிடுச்சுன்னு நீ சொல்லியும் நம்ப மாட்டேங்குதா?" என்றாள் செய்ததைச் சோதித்துப் பார்க்கும் அடுத்த மேசை டெஸ்டர் அக்கா.

"நம்பும்க்கா. உள்ளே கூட்டத்தைக் குறைச்சிருக்கேன், கொஞ்சம் பொறுங்க."

கூட்டம் என்றது பெயர்களை. திரையில் தெரிவதைத் துண்டு துண்டாகச் செய்து கோர்ப்பதுதான் அந்த அலுவலகத்தின் பிழைப்பு. ஒவ்வொரு துண்டுக்கும் நிறத்துக்கு ஒரு பெயர், அளவுக்கு ஒரு பெயர், ஓரத்தை வளைக்க ஒரு பெயர் என்று தலையில் கட்டுவார்கள். அந்தப் பெயரைக் கிளாஸ் என்பார்கள். சரக்குக் கிடங்கில் லோடு ஏற்றுகிறவர்கள் வேலை முடிந்ததும் அமுக்கும் இந்த ஒற்றைப் பட்டனுக்கு இருபத்து மூன்று. ஏறினால் இது, ஏறாவிட்டால் அது, அவசரமென்றால் இன்னொன்று என்று வந்தவன் போனவனெல்லாம் ஆளுக்கொன்று தொங்கவிட்டிருந்தான். எடுக்கத்தான் ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லை.

காலையில் மேடம் கொடுத்த புகார்ச் சீட்டில் இரண்டே வார்த்தை: 'பட்டன் சரியில்லை.'

"என்ன சரியில்லைன்னு எழுதலையே மேடம்?"

"கீழ்த்தளத்துல போன் எடுக்கிற எவனோ எழுதினது. உங்கப்பா மூட்டை தூக்கினவர்தானே, அவங்களுக்கு என்ன வேணும்னு உனக்குத் தெரியும். நாலு மணிக்குக் கிடங்கு மேஸ்திரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும். போடலைன்னா நீ மறுபடி கீழே போய் ஹெட்போனை மாட்டிக்க."

அவன் மூன்று வருஷம் கீழே புகார்ப் போன் எடுத்து வசவு வாங்கிவிட்டுப் போன மாதம்தான் மேலே ஏறியிருந்தான். லீவு லெட்டரையே நாலு வார்த்தையில் எழுதுகிறவன். சிக்கனம் என்ற பெயர் அப்படி ஒட்டியதுதான். இருபத்து மூன்றைப் பார்த்ததும், சரியில்லாதது இதுதான் என்று முடிவு கட்டிவிட்டான். பட்டனிடம் 'ஏறியாச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்தொன்பது பெயர்களை வெட்டினான். அப்போதுதான் பட்டன் சிவப்பிலேயே நின்றுவிட்டது.

இரண்டு மணிவாக்கில் துணிப்பையோடு காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வாசலில் நின்றார். அந்த அறையின் ஏசி மூன்று நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது, அடியில் பக்கெட்; மெக்கானிக்குக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"வாங்கண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் அக்கா. "அந்தப் பக்கெட்டுகிட்ட உட்காருங்க. இவன் முடிச்சதும் மேசையை நகர்த்தித் தர்றோம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உட்காருங்கண்ணே."

உட்கார்ந்தார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து பழகிய உடம்பு அது.

சிக்கனம் ஒரு வடிகட்டி எழுதினான். ஒரே வேலைக்கு இரண்டு பெயர் சண்டை போட்டால் கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் துரத்தும். ஓடவிட்டான். பட்டன் பச்சையானது. மேலேயிருந்த எழுத்தும் பச்சையானது.

"இப்ப ரெண்டும் ஒரே கட்சி," என்றாள் அக்கா. "என்ன எழுதியிருக்குன்னு ஜோசியம் பார்க்கணுமா?"

"எழுத்து நிறமும் பட்டன் நிறமும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிச்சுக்கா. வடிகட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கினா சரியாயிடும்."

இறுக்கினான். இந்தத் தடவை அளவு சொல்லும் பெயர்கள் மொத்தமும் அடிபட்டுப் போயின. தட்டிப் பார்க்கச் சுவரில் சாத்தியிருந்த கிடங்குத் தொடுதிரையில், இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை ஒரே பட்டன். கதவு போல.

அக்கா சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டாள்.

ஏசிக்காரர் எழுந்து வந்தார். பையிலிருந்து தடித்த கையுறை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, பட்டனை ஒரு தட்டுத் தட்டினார்.

"இது நல்லா இருக்கே தம்பி."

"நீங்களுமாண்ணே? நானே நொந்து கிடக்கேன். கிண்டல் பண்ணாம போய் உட்காருங்க."

போய் உட்கார்ந்தார். பக்கெட் நிறைந்திருந்ததால் தூக்கிப் போய்க் கொட்டிவிட்டும் வந்தார்.

மணி மூன்றே முக்கால். சிக்கனத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வடிகட்டியை அடியோடு அழித்தான். வெட்டிய பெயர்களை எல்லாம், ஒன்று விடாமல், இருந்த இடத்திலேயே திரும்ப ஒட்டினான். அந்த ராட்சசப் பட்டன் எந்தப் பிழையால் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. போய்த் தொலைந்ததே போதும் என்றிருந்தது. கட்டைவிரல் நகமளவில் அதே பழைய பட்டன், திரையின் மூலையில் அடக்கமாக உட்கார்ந்தது. தொட்டான். பச்சையானது.

நாலு மணிக்கு மேடம் வந்தார். "மேஸ்திரி இன்னும் வரலையா?"

"இல்லை மேடம். பட்டன் ரெடி."

மேடம் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "லட்சணமா இருக்கு. அந்தப் புகார்ல என்னதான் பிரச்சினையாம்?"

"அது சும்மா எழுதினது மேடம். ஆனா எவன் எழுதினாலும் நறுக்குன்னு எழுதியிருக்கான்."

"சரி, அவர் வர்றதுக்குள்ள ஏசியைப் பாருங்கண்ணே," என்று மேடம் மூலைப் பக்கம் திரும்பினார்.

காக்கிச் சட்டைக்காரர் கையுறையைக் கழற்றாமலே எழுந்தார்.

"எனக்கு ஏசி தெரியாதும்மா, நான்தான் கிடங்கு மேஸ்திரி. கையுறை போட்ட கைக்கு இந்தப் பட்டன் அகப்படலை, பெருசாக்கிக் குடுங்கன்னு ரெண்டு வருஷமா உங்க கீழ்த்தளத்துக்குப் போன் போட்டு விலாவாரியா சொன்னேன். 'பட்டன் சரியில்லை, அவ்வளவுதானே, எழுதிக்கிட்டேன், வைங்க'ன்னு ஒரு தம்பி வச்சுடுவாரு. இப்பப் பக்கத்துல உட்கார்ந்து கேட்கிறப்பத்தான் தெரியுது, அது இந்தத் தம்பி குரல்தான்."