சில்லை மட்டும் பூட்டச் சொன்னார்

உடைந்த பொருள் எதையும் என்னிடம் திருத்தத் தராதீர்கள். தந்தால், உடையாத இடங்களையெல்லாம் முதலில் திருத்திவிடுவேன். உடைந்த இடம் அப்படியே இருக்கும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் குணத்தால் ஒரு கல்யாணமே குழம்பப் பார்த்தது. அதுவும் ஊரார் கல்யாணம் அல்ல, என்னுடையது.

சின்னக் கார்களைச் செய்வதும், பழைய சின்னக் கார்களை வாங்கிப் புதுப்பிப்பதும்தான் என் பொழுதுபோக்கு. நிஜக் காரின் நீளத்தில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. உள்ளங்கைக்குள் அடங்கும். யாராவது “விளையாட்டுக் கார்” என்று சொல்லிவிட்டால் அந்த நாட்களில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். “விளையாட்டுச் சாமான் இல்லை, மொடல்” என்று திருத்துவேன். (பார்த்தீர்களா, வாயும் சும்மா இருக்காது.) வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. பல்கணியில் ஒரு மேசை, அதன்மேல் என் தொழிற்சாலை. கடற்காற்று ஒரு எதிரி, அம்மா வீடு கூட்டும் தும்புத்தடி இன்னொரு எதிரி.

“முப்பது வயசாகுது. மற்றப் பிள்ளையள் ஏறி ஓடுற கார் வாங்குதுகள். நீ இதை வச்சு ஊதிக்கொண்டிரு” என்பார் அம்மா.

ஷாமினி என்னுடன் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தாள். ஒரு வருடம் படிக்கட்டில் சிரித்து, இன்னொரு வருடம் கன்ரீனில் கதைத்து, மூன்றாம் வருடம் கல்யாணம் செய்வது என்று முடிவெடுத்திருந்தோம். அவள் வீடு கொட்டாஞ்சேனையில். அவளுடைய அப்பா புதுக்கடை நீதிமன்றங்களில் முப்பது வருடத்துக்கு மேலாகக் குறுக்கு விசாரணை செய்த சட்டத்தரணி. அவருடைய கேள்விகளுக்குப் பயந்து சாட்சிகள் காய்ச்சல் என்று படுத்துவிடுவார்களாம். அதே நேரம் மெல்பேர்னில் இருந்து ஒரு மாப்பிள்ளை பேசி வந்திருந்தது. சாதகமும் நல்ல பொருத்தம். எங்கள் விசயத்தை ஷாமினி வீட்டில் சொன்னதும், “கூட்டிக்கொண்டு வா, பார்ப்பம்” என்றாராம் அப்பா. அவர் ஓம் என்றால் நான். இல்லையென்றால் மெல்பேர்ன்.

போனேன். சாட்சிக் கூட்டில் ஏறுவதைப்போல நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன்.

“என்ன செய்யிறீர்?” என்றார்.

“சொப்ட்வெயர், அங்கிள்.”

“அதைக் கேக்கேல்லை. வேலை இல்லாத நேரத்திலை என்ன செய்யிறீர்?”

ஷாமினி குறுக்கே விழுந்தாள். “அப்பா, இவர் சின்னக் கார் எல்லாம் நல்லாத் திருத்துவார்.”

அவர் முகம் மாறியது. எழுந்துபோய், கண்ணாடி அலுமாரியில் சட்டப் புத்தகங்களுக்கு முன்னால் இருந்த ஒன்றை எடுத்து வந்து என் கையில் வைத்தார். மொறிஸ் மைனர். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அத்தனை பழைய, அத்தனை அருமையான வார்ப்பு. ஆனால் ஐயோ, அதன்மேல் யாரோ பச்சைப் பெயின்றை அள்ளிப் பூசியிருந்தார்கள்! பாசிப்பயறுக்கும் வல்லாரைக்கும் நடுவில் ஒரு பச்சை. கண்ணாடியெல்லாம் வழிந்திருந்தது. ஒரு முன்விளக்கு மூடுண்டு போயிருந்தது. கூரையில் தூரிகையின் மயிர் ஒன்று ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

“இந்த முன் சில்லு கழண்டு போச்சு” என்று, கழன்ற சில்லை ஒரு கடித உறையில் போட்டுத் தந்தார். “இதை மட்டும் பூட்டித் தாரும்.”

சட்டத்தரணி ஒருவர் ‘மட்டும்’ என்று சொன்னால் அந்தச் சொல் சும்மா வராது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வரும்போது அவரை நினைத்து இரக்கப்பட்டேன். பாவம் மனுசன், இந்தக் காரின் உண்மையான அழகை வாழ்நாளில் பார்த்திருக்கவே மாட்டார். பார்க்க வைப்போம். பார்த்தால் பெண்ணைத் தராமல் எங்கே போவார்?

இரண்டு சனி ஞாயிறு வேலை. அடித்தகட்டைத் துளைத்துக் கழற்றினேன். பெயின்ற் உரிக்கும் மருந்தைப் பூசியதும் பச்சை சுருங்கிச் சுருங்கிப் பொருக்காக எழும்பியது. அடியில் தொழிற்சாலையின் வெளிர் நீலம்! பல்கணியில் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பொருக்கை எல்லாம் சுரண்டி பழ யாம் தீர்ந்த ஒரு போத்தலில் போட்டு மூடி வைத்தேன். (“சட்டிபானை கழுவிற சிங்குக்குள்ளை ஊத்தினியோ, அண்டைக்கு உனக்கு இருக்கு” என்று அம்மா முன்பே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.) பிறகு அதே நீலத்தைத் தேடிப் பிடித்து, விசிறி, தேய்த்து, மறுபடி விசிறி, பம்பருக்கு வெள்ளித் தாள் ஒட்டி, முன்விளக்குக்குக் கண்ணாடி வைத்து, கடைசியில் இங்கிலாந்துப் பாணியில் ஒரு நம்பர் பிளேற்றும் அச்சடித்து ஒட்டினேன்.

சில்லு? அது ஐந்து நிமிட வேலை. இப்போதைக்கு நிற்கட்டும் என்று ஒரு துளி பசை வைத்துவிட்டேன்.

ஷாமினி போனில் கோல் எடுத்தாள். “சில்லு பூட்டியாச்சோ?”

“அது பெரிய வேலையே?” என்றேன். அவளுக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனையில் மூவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். ஷாமினியின் அம்மா சுடச்சுடப் பற்றிஸும் பால் விடாத பிளேன்ரீயும் வைத்தார். நான் பெட்டியைத் திறந்து, சிவப்புத் துணியை மெல்ல விலக்கினேன்.

மூவரும் காரைப் பார்த்தார்கள். ஆனந்தத்தில் திகைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

“இது ஆரின்ரை கார்?” என்றார் அவர்.

“உங்கடைதான் அங்கிள்!” பூரித்துப்போய்ச் சொன்னேன். அதைவிடப் பெரிய பாராட்டு இந்தத் தொழிலில் இல்லை என்றே அப்போது எனக்குப் பட்டது.

“நான் உம்மட்டைத் தந்த கார் என்ன நிறம்?”

“பச்சை.”

“இது?”

“நீலம், அங்கிள். இதுதான் ஒரிஜினல்.”

“நம்பர் ஆர் தந்தது?”

“நானே… அடிச்சனான்.”

“ஒரு வாகனத்தை வாங்கிக்கொண்டு போய், நிறத்தை மாத்தி, நம்பர் பிளேற்றையும் மாத்தினா, அதுக்குக் கோட்டிலை என்ன பெயர் எண்டு தெரியுமோ?”

நான் பற்றிஸைப் பார்த்தேன். பற்றிஸும் எனக்குச் சாட்சி சொல்ல வரவில்லை.

“நான் உம்மட்டை என்ன கேட்டனான்?”

“சில்லு…”

அவர் காரை மேசையில் வைத்து ஒரு விரலால் மெல்லத் தள்ளினார். அது நான்கு அங்குலம் ஓடியது. சில்லு மட்டும் தனியே ஓடி, மேசையிலிருந்து விழுந்து, அலுமாரிக்குக் கீழே போய்ச் சேர்ந்தது.

அவர் கத்தவில்லை. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடித்துச் சாத்தியிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஷாமினியின் அம்மாதான் சொன்னார். “அவரின்ரை அப்பாவிட்டை உண்மையாவே ஒரு மொறிஸ் மைனர் இருந்தது தம்பி. அதுக்குப் பச்சை அடிச்சு மிஞ்சின பெயின்றை, எட்டு வயசிலை இவர் இந்தக் குட்டிக் காருக்குப் பூசினவர். பெரிய காரை எண்பத்து மூண்டுக் கலவரத்திலை வாசல்லை வச்சே எரிச்சுப் போட்டாங்கள். இது இவரின்ரை கந்தோர் மேசை லாச்சிக்குள்ளை கிடந்தபடியால் தப்பிச்சுது. அந்தப் பெயின்ற்தான் மிச்சம்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையான வெட்கம். ஒரு மனிதர் ஐம்பது வருடத்துக்கு மேலாகப் பாதுகாத்ததை இரண்டே சனி ஞாயிறில் சுரண்டி எடுத்துவிட்டு, அதற்குப் பெண்ணும் கேட்டு வந்திருக்கிறேன்.

காரையும் சில்லையும் எடுத்துக்கொண்டு கேற் வரைக்கும் வந்து ஷாமினி என் கையில் தந்தாள். “வடிவாக்கினா சந்தோசப்படுவார் எண்டு நினைச்சன்” என்றேன்.

“ஆர் கேட்டது?” என்றாள். பிறகு, “மெல்பேர்ன்காரர் வாற கிழமை வருகினம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கு ஓடி வந்து பல்கணி மூலையைப் பார்த்தேன். யாம் போத்தல் இருந்தது. அம்மாவின் சட்டதிட்டங்களுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நன்றி சொன்னேன். பொருக்கைக் கழுவிக் காயவைத்து, பெரிய துண்டாக ஒன்றைப் பொறுக்கி, பாமன்கடைச் சந்தியில் ஒரு பெயின்ற் கடைக்குக் கொண்டு போனேன்.

“மே மொனவத மல்லி?” என்றார் முதலாளி. இது என்ன தம்பி என்று கேட்டால் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கார் பெயின்ற் என்றேன். எங்கே கார் என்றார். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கடையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு லீற்றருக்குக் குறைவாகக் கலக்க முடியாதாம். கலந்து, தன் பெருவிரல் நகத்தில் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் என் பொருக்கை வைத்துப் பார்த்தார். நான்கு தரம் தலையாட்டி மறுத்தார். ஐந்தாம் தரம் பொருக்கு நகத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. “ஹரி” என்றார், சரியாம்.

நிறம் வந்துவிட்டது. இனி எட்டு வயதுப் பிள்ளை பூசியதுபோலப் பூச வேண்டும், அவ்வளவுதானே? பூசினேன். வழவழவென்று வந்தது. துடைத்துவிட்டு இடது கையால் பூசினேன். கொஞ்சம் நிதானமாக, இன்னும் வழவழவென்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பூசினேன்.

“என்னடா, கார் கேட்டுக் கும்பிடுறியோ?” என்றார் அம்மா.

பதினைந்து வருடம் நன்றாகப் பூசப் பழகிய கைக்குக் கெட்டதாகப் பூச வரவேயில்லை. (கல்யாணம் கையைவிட்டுப் போகிறது, அப்போதும் மனதின் ஒரு மூலை ‘அடடா, என்ன ஒரு பளபளப்பு!’ என்று மெச்சிக்கொண்டது. மானங்கெட்ட மனம்.) அதோடு, ஒன்று புரிந்தது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்தாலும் இது கள்ளக் கையெழுத்துத்தான். கள்ளக் கையெழுத்தைப் புதுக்கடைச் சட்டத்தரணியிடம் கொண்டுபோகிறவன் மடையன்.

எல்லாவற்றையும் துடைத்து வெறும் உலோகமாக்கினேன். அலுமாரிக்குக் கீழிருந்து ஷாமினி எடுத்துத் தந்த சில்லை அச்சில் மாட்டி, அச்சின் நுனியைத் தட்டிப் பரப்பி, முறையாகப் பூட்டினேன். உண்மையாகவே ஐந்து நிமிட வேலைதான். காரையும் பெயின்ற் பேணியையும் ஒரு தூரிகையையும் யாம் போத்தலையும் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

“சில்லு பூட்டியாச்சு அங்கிள்” என்றேன். “மற்றதைக் கெடுத்தது நான்தான். ஆனா அதைத் திருப்பிச் செய்ய எனக்கு வரேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அவர் சில்லைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே கிடந்த பச்சைப் பொருக்கை வெகுநேரம் பார்த்தார். கொண்டுபோய் அலுமாரியில் கார் இருந்த இடத்தில் வைத்தார். பிறகு மேசையில் பத்திரிகையை விரித்தார்.

“இரும்” என்றார்.

அறுபது வயதைத் தாண்டிய சட்டத்தரணி, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, கேற்றுக்கு அடிப்பதைப்போல அந்தக் குட்டிக் காருக்குப் பெயின்ற் அடித்தார். கண்ணாடியில் வழிந்தது. காரின் முன் மூடியில் கைரேகை பதிந்தது. பம்பரின் ஓரத்தில் ஒரு துளி திரண்டு திரண்டு தொங்கியது. இப்போதே துடைத்தால் போய்விடும், விட்டால் அப்படியே காய்ந்துவிடும்.

“அங்கிள், அந்தத் துளி…”

“ஆர் கேட்டது?”

இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்ந்துகொண்டேன். துளி என் கண்முன்னாலேயே காய்ந்தது.

தலையை நிமிர்த்தாமலே அவர் பேச ஆரம்பித்தார். “ஷாமினி காலமை ஒருத்தரோடையும் முகம் குடுத்துக் கதைக்க மாட்டாள். கோபம் வந்தா ரெண்டு நாளைக்கு இறங்காது. சாமானை வச்ச இடம் மறந்துபோட்டு மற்ற ஆக்களைத்தான் ஏசுவாள்.”

“தெரியும் அங்கிள்.”

“உமக்குத் திருத்தோணும்போலை கிடக்கும்.”

தூரிகையைப் பேணியில் தோய்த்தார்.

“கை வைக்கப்படாது. அவளாக் கேட்டா, கேட்டதை மட்டும்.”

“ஓம் அங்கிள்.”

“அப்பா! எனக்கு எல்லாம் கேக்குது!” என்று குசினிக்குள் இருந்து ஷாமினி கத்தினாள்.

அவர் தூரிகையைப் பேணிக்குக் குறுக்கே வைத்தார். “இஞ்சரும்” என்று மனைவியைக் கூப்பிட்டார். “அந்த மெல்பேர்ன் ஆக்களுக்கு ஒரு கோல் எடுத்து, வர வேண்டாமெண்டு சொல்லிவிடும்.”

கல்யாணமாகிப் பத்து வருடமாகிறது. மிஞ்சிய பெயின்றை மாமா வீணாக்கவில்லை. பூச்சாடி, தபால்பெட்டி, குடைப்பிடி என்று அந்த வீட்டில் இன்னும் பச்சையாகாதது மாமியும் பூனையும்தான். எங்கள் குடும்பத்தில் ‘ஆர் கேட்டது?’ என்பது ஒரு கேள்வியே அல்ல, எனக்கு வைத்த பட்டப்பெயர். மகள் தாளில் வீடு கீறும்போது கூரை கோணலாக இருக்கிறது என்று சொல்லப்போய், ஐந்து வயதுப் பிள்ளையிடமும் அதை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன மாதம் மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கால் கழன்றுவிட்டது. தேவை ஒரு சின்னத் திருகாணி, என் லாச்சிக்குள் அந்த அளவில் இருபது கிடக்கின்றன. அவர் அதைக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரால் சுற்றிக்கொண்டு, ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்து, வேண்டுமென்றே எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். ஒவ்வொரு வாய்க்கும் ஒருமுறை என்னைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைச் சரிசெய்தார். ஷாமினி மேசைக்குக் கீழே என் கையை எடுத்துத் தன் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள். அன்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.