இரும்புப் புரவியின் சினம் தணித்த படலம்

வாழ்க கோதண்டபாணி! தணிகை மலைப்படிகளின் அடிவாரத்தில் சேலைக்கடை என்னும் சிற்றரசை ஆளும் வேந்தன்; நூல் விலையில் எவர்க்கும் இறங்காத நெஞ்சன்; யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தார் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிளைச் சென்னைப் பட்டணத்து ஏலத்தில் வென்று, ஓட்டத் தெரியாத காரணத்தால் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்த வெற்றித் திருமகன்! செருக்களம் பல கண்ட அந்த இரும்புப் புரவி, எதிரிப் படைகளிடம் படாத பாட்டை நம் தலைவனிடம் பட்ட வரலாற்றைச் சொல்லப் புகுகிறோம். கேட்பவர்கள் சற்றுத் தள்ளி உட்காருவது நல்லது, எண்ணெய் தெறிக்கும்.

அவனுக்குக் கல்யாணமாகி அதுதான் முதல் வருஷம். ஆடி பிறந்ததும் மாமனார் வரதராஜன் வழக்கப்படி வந்து, மகள் கோமளவல்லியைப் பள்ளிப்பட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். போன நாள்முதல் மன்னனுக்குச் சோறு இறங்கவில்லை, கடையில் கணக்கு நிற்கவில்லை. பெண்டாட்டியைத் தேடுகிறது என்று தாயார் எல்லம்மாளிடம் சொல்ல வெட்கம் வேறு. ஆகவே தினமும் வண்டியைத் துடைத்தான், நேராக ஓட்டவும் பழகிக்கொண்டான். ஆவணி முதல் நாள் உச்சிப்பொழுதுக்குள் மருமகள் வாசற்படி தாண்டவேண்டும், தவறினால் அடுத்த நல்ல நாளுக்குப் பதினைந்து நாள் காத்திருக்கவேண்டும் என்று பஞ்சாங்கம் விதித்திருந்தது. கோதண்டபாணியோ, "மோட்டார்ல வந்து இட்டுகினு போறேன், ரெடியா இருக்கச் சொல்லு" என்று பஸ் கண்டக்டர் வாய்வழியாகப் பள்ளிப்பட்டு முழுவதற்கும் முரசறைந்திருந்தான். அதன்பின் வேறு எதில் போனாலும் மானம் போய்விடும்.

புலர்ந்தது ஆவணி. பட்டுக்கரை வேட்டி, சலவைச் சட்டை, நெற்றி நிறைந்த நீறு சகிதம் வீரன் புரவிமேல் ஏறினான். பதினேழாம் உதையில் அது விழித்தது. நேராக உள்ளவரை சாதுவாகத்தான் போயிற்று. பஞ்சாட்சரத்தின் காபி ஓட்டல் முனையில் பள்ளிப்பட்டுச் சாலைக்காக இடப்பக்கம் கைப்பிடியை ஒடித்தானோ இல்லையோ, கடையுகம் வந்ததுபோல் கர்ஜித்து, அண்டம் குலுங்க, ஆகாயம் புகைய, தெருநாய்கள் திசைக்கொன்றாய்ச் சிதற, ஒரே பாய்ச்சலில் ஓட்டலின் விறகு அடுக்குக்குள் புகுந்து நின்றது.

"தம்பி, காபி வேணும்னா நடந்தே வரலாமேப்பா" என்றார் பஞ்சாட்சரம்.

தலைவன் விறகுக்குள்ளிருந்து புரவியை உருவினான். வண்டியை வீட்டு வாசலுக்குத் தள்ளிவந்து, திருப்புளியும் ஸ்பானரும் ஏந்திப் போர்க்கோலம் பூண்டான். அந்தப் புரவியின் உடம்பில் இரண்டு உயிர்நிலைகள் உண்டு. வலக்கைப் பிடியைத் திருகினால் எஞ்சினுக்கு வேகத்தைக் கொண்டுபோகும் கம்பி ஒன்று. சும்மா நிற்கும்போது மூச்சு நின்றுவிடாமல் காக்கும் திருகாணி மற்றொன்று. கோதண்டபாணி கம்பியைத் தளர்த்தினான், வண்டி விக்கியது. திருகாணியை முடுக்கினான், ஊளையிட்டது. முடுக்கியதைத் தளர்த்தி, தளர்த்தியதை முடுக்கி, இடக்கை செய்ததை வலக்கை அழிக்க, வலக்கை அழித்ததை வாய் வைய, நேராக நிறுத்தினால் அவிந்துபோவதும் இடப்பக்கம் திருப்பினால் அலறுவதுமாய், அந்த இரும்பு வல்லரக்கன் நம் வீரனைப் புழுதியில் புரட்டி எடுத்தான். முருகப்பெருமானே வந்து சினம் தணிந்த மலை தலைக்குமேல் நிற்கிறது. அதன் நிழலில் ஒரு எஞ்சினுக்குச் சினம் தணியவில்லை. சலவைச் சட்டை கரிச்சட்டியின் அடிப்பாகம் ஆயிற்று.

காரணம் என்ன என்று கேட்பீர்கள். ஆடிக்கிருத்திகையன்று வண்டியை அடிவாரத்தில் நிறுத்திப் பூசை போட்டான் கோதண்டபாணி. குருக்கள் கொடுத்த சாமந்தி மாலை காற்றில் பறந்துவிடக் கூடாது என்று, கடையிலிருந்த நெசவுப் பாவு நூலை எடுத்து, மாலையையும் கைப்பிடியையும் அடியில் ஓடிய கம்பியையும் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றி, தன் குலத்து நெசவாளர் முடிச்சைப் போட்டான். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் அதுதான் கம்பியைப் பிடித்து இழுத்தது. மாலை காய்ந்து சருகாகியும், சாமி மாலையைக் கழற்றினால் தோஷம் என்று அதன்மேல் கைபடாமல், மற்ற எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டிருந்தான் மகா பக்தன்.

வெயில் ஏறிற்று. எல்லம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"ஏன் நைனா, கரி பஸ்ல போய் இட்டுகினு வந்துடேன். நேரம் போய்கினே இருக்குது."

"பஸ்லயா? பட்டாளத்து வண்டிய வாசல்ல வச்சிகினு கரி பஸ்ல போய் எறங்கனா, மாமனாரு மூஞ்சில எப்டிமா முழிப்பேன்?"

"அந்தப் பொண்ணு மூஞ்சிய நெனச்சிப் பாருடா."

அம்பு தைத்தது. பதினைந்து நாள்! இன்னும் பதினைந்து நாள் கோதண்டபாணி அந்த வெற்றுப் பாயில் தனியே புரளவேண்டும். அழுகையை அடக்கிக்கொண்டு மறுபடி குனிந்தான். குனிந்த வேகத்தில் சருகு மாலையின் நார் ஒன்று கண்ணில் குத்தியது. வந்த கோபத்தில் தோஷமும் மறந்தது, பக்தியும் பறந்தது. கடைக் கத்தரிக்கோலை எடுத்து மாலையை முடிச்சோடு நறுக்கி எறிந்தான். கம்பியையும் திருகாணியையுமோ, திருகித் திருகித் தன்னையறியாமல் பட்டாளத்தான் விட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்திருந்தான்.

உதைத்தான். எஞ்சின் தாளம் தப்பாமல் டுப்பு டுப்பு என்றது. இடப்பக்கம் திருப்பினான், டுப்பு டுப்பு. வலப்பக்கம் திருப்பினான், அதே டுப்பு டுப்பு. கண்ணீரும் கரியும் வழிய எழுந்து நின்று, தெருவை நோக்கிச் சிங்கநாதம் செய்தான்: "பாத்துக்குங்கடா! அரைத் திருகு! கடைசியா ஒரு அரைத் திருகு வச்சேன் பாரு, அதுலதான் இருக்குது சூட்சுமம்! இந்த ஜில்லாவுலயே இது எவனுக்கும் தெரியாது!" நறுக்குண்ட மாலையை ஆடு ஒன்று தின்றுகொண்டிருந்தது.

அப்போது தெருமுனையில், பெட்ரோல் தட்டுப்பாட்டால் முதுகில் கரியடுப்பைச் சுமந்து, கிழவர்போல் இருமிக்கொண்டே வந்து நின்றது பள்ளிப்பட்டு பஸ். டிரங்குப் பெட்டியோடு கோமளவல்லி இறங்கினாள். பின்னால் வரதராஜன். உச்சிக்கு இன்னும் கொஞ்சம் பொழுது இருந்தது.

"மோட்டார்ல வரேன்னு சொல்லி அனுப்ச்சீங்களாமே, மாப்ள" என்றார் அவர். "அதான் மொத பஸ்ஸப் புடிச்சி நாங்களே வந்துட்டோம்."

வீரன் திகைத்தான். முப்பது நாள் காணாத முகம் எதிரே நிற்கிறது. வென்றடக்கிய புரவி பக்கத்தில் உறுமுகிறது. அறைந்த முரசோ பள்ளிப்பட்டில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மானமும் ஆசையும் மார்புக்குள் மல்யுத்தம் புரிய, இறுதியில் மானமே வென்று, மாமனாரை நோக்கி மொழிந்தது:

"மாமா, ஒண்ணும் நெனச்சிக்காதீங்க. இதே பஸ்ல இவள இட்டுகினு திரும்பிப் போய்டுங்க. பின்னாலயே வந்து நான் மொறையா இட்டுகினு வந்துடறேன்."

கோமளவல்லி பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.